கடலுக்கடியில் ரத்தம் பச்சையா? நண்டுக்கு ஏன் நீலம்?

கேள்வி: கீழக்கரை வாசகர், ஜூன் 17

என் மாமா ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். எட்டுப் பாகத்துக்குக் கீழே பாறையில் கை கிழிந்தால் ரத்தம் பச்சையாக வரும் என்கிறார். மேலே வந்து பார்த்தால் அதே ரத்தம் சிவப்பாம். நண்டுக்கு நீல ரத்தம் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள். கடல் அட்டைக்கு மஞ்சள் ரத்தம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கடல் உப்புதான் ரத்தத்தின் நிறத்தை மாற்றுகிறது என்று எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 17, இரவு

மறுக்கிறேன். உப்புதான் காரணம் என்றால் அதே உப்பில் பிறந்து வளரும் சீலா, விளைமீன், திருக்கை, கடல் பசு எதற்கும் சிவப்பு ரத்தம் இருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் சிவப்புதான். மீன் ஆய்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மாமா பொய் சொல்லவில்லை. வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். பச்சையும் நீலமும்தான் அதற்குக் கீழே போகும். எட்டுப் பாகம் என்றால் ஏறக்குறைய பதினான்கு மீட்டர். அங்கே திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு ஒளியே இல்லாதபோது ரத்தம் எப்படிச் சிவப்பாகத் தெரியும்? கரும்பச்சையாகவோ பழுப்பாகவோதான் தெரியும். ரத்தத்தில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை.

நண்டின் கதை வேறு. அதைக் காலையில் எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

ஜூன் 18, காலை

நான் நண்டு கொள்முதல் செய்யும் இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன். கல்லூரியில் விலங்கியல் படித்தேன். படிப்பு சோறு போடவில்லை, நண்டு போடுகிறது. ஆகவே புத்தகத்தில் இருப்பதும் கண்ணில் படுவதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று ஓரளவு சொல்ல முடியும்.

நண்டு வலையில் வரும் நீலக்கால் நண்டில் ஒரு கால் முறிந்தால் சொட்டுவது நீலம் அல்ல. தண்ணீரில் லேசாகச் சாம்பல் கலந்த மாதிரி ஒரு திரவம். கால் முறிந்த இடத்தில் திரண்டு, பிசுபிசுவென்று கூழாகி அடைத்துக்கொள்ளும். வெள்ளைத் தரையோட்டின் மேல் ஒரு சொட்டை விட்டு, காற்றுப் பட விட்டுவிட்டுப் பார்த்தால் அதில் மெல்லிய நீலம் ஏறுவது தெரியும். மை மாதிரி அடர்நீலத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். படங்களில் காட்டும் அந்தப் பளீர் நீலம் பெரும்பாலும் குதிரைலாட நண்டின் ரத்தம், அதுவும் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைத்தது.

நீலம் தருவது ஹீமோசயனின் என்ற புரதம். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்யும் வேலையைத்தான் அங்கே அது செய்கிறது: ஆக்சிஜனைச் செவுளில் ஏற்றி உடலில் இறக்குவது. ஹீமோகுளோபினில் இரும்பு, இதில் செம்பு. ஆக்சிஜன் ஏறியிருந்தால் நீலம், இறங்கிவிட்டால் நிறமே இல்லை. உயிரோடு இருக்கும் நண்டிலும் அப்படித்தான். செவுளைத் தாண்டி வரும் ரத்தம் நீலம், உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தம் வெளுப்பு.

காலின் நீலத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது ஓட்டின் நிறம். அஸ்டாக்சாந்தின் என்ற செம்மஞ்சள் நிறமியை ஒரு புரதம் பிடித்து வைத்திருப்பதால் ஓடு நீலமாகத் தெரிகிறது. அவித்தால் அந்தப் புரதம் குலைந்து நண்டு சிவந்துவிடும். ரத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஜூன் 18, மாலை

தொண்டியிலிருந்து எழுதியவருக்கு: "செம்புக் குடத்தில் பச்சைக் களிம்பு பிடிப்பது போலத்தான் நண்டு ரத்தத்தில் செம்பு நீலமாகிறது" என்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, பாதிதான் பொருந்துகிறது. களிம்பு பிடித்த செம்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, புளி போட்டுத் தேய்க்க வேண்டும். நண்டின் செம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. விடத் தெரியாவிட்டால் அது சுமந்து என்ன பயன்?

ஜூன் 20

இரண்டு நாளாக இந்தக் கேள்வி-பதில் இழையில் "இரும்பு என்றால் சிவப்பு, செம்பு என்றால் நீலம், வனேடியம் என்றால் மஞ்சள்" என்ற அட்டவணையை மாறி மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் 18ஆம் தேதி "ஹீமோகுளோபினில் இரும்பு, இதில் செம்பு" என்று எழுதி அதற்குத் தீனி போட்டுவிட்டேன். அந்த வரி சரிதான், ஆனால் அதிலிருந்து அந்த அட்டவணைக்குத் தாவக் கூடாது. மன்னார் வளைகுடாவிலேயே அதை உடைப்பதற்கு வேண்டிய சாட்சிகள் இருக்கின்றன.

தூண்டிலுக்கு இரையாகச் சேற்றில் தோண்டி எடுக்கும் புழுவைப் பாருங்கள். உடலில் கோடு கோடாகச் சிவப்பு. இரும்பு, சரி.

பவளப் பாறையில் குழாய் கட்டிக்கொண்டு, இறகு விசிறி போலத் தலையை நீட்டி, நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் புழுக்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பல இனங்களின் ரத்தத்தில் இருப்பது குளோரோகுருவோரின். அதிலும் இரும்புதான். இரும்பைச் சுற்றியுள்ள வளையமும் ஏறக்குறைய நம் ஹீமோகுளோபினில் உள்ளதேதான். வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு அணுக்கூட்டம் மட்டும் வேறு. அதற்கே நிறம் பச்சைக்குப் போய்விடுகிறது. நீர்த்தால் பச்சை, கெட்டியானால் சிவப்பு. ஒரே திரவம்!

அடுத்தது, பவளத் துண்டுகளுக்கு அடியில் மணலில் கிடக்கும், நிலக்கடலை மாதிரிச் சுருங்கிக்கொள்ளும் புழு. அதன் ரத்தத்தில் ஹீமெரித்ரின். அதுவும் இரும்புதான். ஆனால் வளையமே கிடையாது. இரண்டு இரும்பு அணுக்களைப் புரதம் நேரடியாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆக்சிஜன் ஏறினால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, இறங்கினால் நிறமில்லை.

ஆக ஒரே இரும்பு சிவப்பும் தருகிறது, பச்சையும் தருகிறது, ஊதாவும் தருகிறது. இன்னொன்று: அதே வகை வளையத்தில் இரும்பை எடுத்துவிட்டு மக்னீசியத்தை வைத்து, ஓரங்களைக் கொஞ்சம் மாற்றினால் இலையின் பச்சையம். உலோகத்தின் பெயரைக் கேட்டு நிறத்தைச் சொல்ல முடியாது. அது எதன் பிடியில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, ஆக்சிஜன் எப்படி வந்து உட்காருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் எந்த ஒளி விழுங்கப்படும், எது மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது.

செம்பும் அப்படித்தான். ஹீமோசயனினில் இரண்டு செம்பு அணுக்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூறு அவற்றுக்கு நடுவில் புகுந்து எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த நிலையில் அது மஞ்சள், செம்மஞ்சள் பகுதி ஒளியை விழுங்குகிறது. மிஞ்சுவது நீலம். ஆக்சிஜன் போன பிறகு அந்தச் செம்பு கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் தொடுவதில்லை. அதனால்தான் தராசுக்கு வரும் நண்டின் ரத்தம் வெறும் தண்ணீராகத் தெரிகிறது.

ஜூன் 21

கடல் அட்டைக்கு மஞ்சள் ரத்தமா என்று வெட்டிப் பார்க்கப் போவதாக ஒருவர் அறிவித்திருக்கிறார். தம்பி, கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, புலிக்குச் சமமான பட்டியலில். அறிவியல் ஆர்வத்தில் ஜாமீனுக்கு அலைய வேண்டாம்.

ஜூன் 21, இன்னொன்று

கை நரம்பு நீலமாகத் தெரிவதால் நமக்கும் உள்ளே நீல ரத்தம்தான் என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. இல்லை. ஆக்சிஜன் குறைந்த நம் ரத்தம் அடர்சிவப்பு. தோலும் அதன் கீழ் உள்ள திசுவும் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் நரம்பு நீலமாகத் தோன்றுகிறது. ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போது குழாயை எட்டிப் பார்த்தாலே தீர்ந்தது.

ஜூன் 23

கணவாய் பற்றி நிறையக் கேள்வி. ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் (ஆக்டோபஸ்தான்) எல்லாவற்றுக்கும் ஹீமோசயனின்தான். ஆக்டோபஸ் ரத்தத்தை ஆராய்ந்து இந்தப் புரதத்துக்குப் பெயர் வைத்தவர் பெல்ஜியத்து லியோன் ஃபிரெடெரிக், 1878இல்.

ஹீமோகுளோபினை நம் உடல் சிவப்பணுக்களுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. ஹீமோசயனின் அப்படி அல்ல, ரத்தத் திரவத்தில் நேரடியாகக் கரைந்து மிதக்கிறது. சின்னச் சின்ன மூலக்கூறுகளாக அத்தனை எண்ணிக்கையில் மிதந்தால் ரத்தத்தின் ஊடுபரவல் அழுத்தம் (தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம்) எகிறிவிடும். அதனால் பல துண்டுகள் சேர்ந்த ராட்சத மூலக்கூறாக இருக்கிறது. குதிரைலாட நண்டில் 48 துண்டுகள் சேர்ந்து ஒரு மூலக்கூறு. அப்படியும் சுமை குறைவுதான். நம் ரத்தம் 100 மி.லி.யில் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் ஏறும். கணவாய் வகைகளில் நன்றாகச் சுமப்பவையே நான்கு, ஐந்து மி.லி.யோடு நின்றுவிடும். நண்டு அதற்கும் கீழே.

இவ்வளவு குறைவாகச் சுமக்கும் ரத்தத்தை வைத்துக்கொண்டு கணவாய் எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறது? ரத்தத்தை வேகமாக ஓட்டித்தான். மூன்று இதயம். செவுளுக்கு ஒன்றாக இரண்டு, உடலுக்கு ஒன்று. கணவாய் ஆய்கிறவர்கள் மைப்பையையும் குடலையும் ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்துவிடுவதால் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நிதானமாகத் திறந்தால் இரண்டு செவுளின் அடியிலும் பக்கத்துக்கொன்றாகச் சின்ன முடிச்சு தெரியும். அவைதான் செவுள் இதயங்கள்.

ஜூன் 24

"குளிர்ந்த கடலுக்கும் ஆக்சிஜன் குறைந்த தண்ணீருக்கும் ஏற்றது என்பதால்தான் நீல ரத்தம்" என்று ஒருவர் ஆணித்தரமாக எழுதியிருக்கிறார். எங்கும் காணப்படும் விளக்கம் இது. அண்டார்டிகா ஆக்டோபஸ்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அவற்றின் ரத்தத்தில் ஹீமோசயனின் அதிகம் என்று அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பாக் நீரிணையின் தண்ணீரைக் குளிர் என்று யார் சொல்வார்கள்? முப்பது டிகிரியைத் தொடும் கலங்கல் தண்ணீரில் நீலக்கால் நண்டு ஜோராகத்தான் பெருகுகிறது. குளிர்தான் காரணம் என்றால் எங்கள் ஊர் நண்டு இதற்குள் ரத்தத்தை மாற்றியிருக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: பரம்பரை சொத்து. நண்டு, இறால், சிங்கி இறால், தேள், சிலந்தி எல்லாம் ஒரு வம்சம். அந்த வம்சத்தின் பாட்டனுக்கு ஹீமோசயனின் கிடைத்தது, பேரன்கள் அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். கணவாய், சங்கு வம்சம் தனியாக, வேறொரு புரதத்திலிருந்து தன் ஹீமோசயனினை உண்டாக்கிக்கொண்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, செம்பு ஜோடி ஒன்று, மற்றபடி கட்டுமானமே வேறு. தூண்டில் புழுவும் நண்டும் ஒரே சேற்றில் அடுத்தடுத்த பொந்தில் இருக்கும். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். சூழல் ஒன்றாக இருக்கும்போது நிறம் வேறாக இருக்கிறது என்றால் சூழலைக் காரணம் காட்ட முடியுமா?

முழுக்கப் பரம்பரை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே புரதத்தையே ஒவ்வோர் இனமும் தன் கடலுக்கு ஏற்றபடி அளவிலும் பிடிமானத்திலும் திருத்திக்கொள்கிறது. எந்தப் புரதம் என்பதில் வம்சம் பேசுகிறது, எவ்வளவு என்பதில் கடல் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 24, இரவு

மேலே "வேறொரு புரதம்" என்று போகிற போக்கில் எழுதினேன். அது கணவாய்ப் பக்கம். நண்டுப் பக்கத்துப் புரத உறவில் எங்கள் தொழிலைத் தொடும் விஷயம் ஒன்று இருக்கிறது. நண்டு வம்சத்து ஹீமோசயனினுக்கு நெருங்கிய உறவு ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதிலும் அதே செம்பு ஜோடி. இறால் பிடித்து ஐஸ் போடத் தாமதித்தால் தலையிலும் காலிலும் கறுப்பு விழுகிறதே, அது இந்த நொதியின் வேலை. காயத்தை அடைக்கவும் கிருமியைக் கொல்லவும் உடல் வைத்திருக்கும் ஆயுதம், செத்த பிறகும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னும் கேளுங்கள்: ஹீமோசயனினே சில நிலைகளில் கொஞ்சம் உருக்குலைந்து இந்த நொதியின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உறவு விட்டுப்போகவில்லை.

கறுத்த இறாலைக் கெட்டுப்போனது என்று சொல்லி விலையை அடிப்பவர்களுக்கு இது தெரியும். கறுப்பு தெரியாமல் இருக்க மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்கி எடுப்பவர்களுக்கும் தெரியும். தெரியாமல் நிற்பவர் வலையிலிருந்து இறாலைக் கழற்றியவர் மட்டும்தான்.

ஜூன் 27

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: "குதிரைலாட நண்டின் நீல ரத்தம் லிட்டர் பல லட்சமாமே, நம் கடலில் கிடைக்குமா?"

அது இந்தியாவில் வாழ்வது ஒடிசா, வங்காளக் கரைகளில். ராமநாதபுரத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயரில்தான் நண்டு, உறவு தேளுக்கும் சிலந்திக்கும். அங்கேயும் பிடித்து விற்பது குற்றம்.

ஆனால் ஒரு விஷயம் யாரும் கவனிப்பதில்லை. அந்த விலை நீலத்துக்கு அல்ல. நீல ஹீமோசயனின் மிதப்பது ரத்தத் திரவத்தில். மருந்துக் கம்பெனிக்கு வேண்டியது ரத்தத்தில் உள்ள அணுக்கள். ரத்தத்தைச் சுழலவிட்டு அணுக்களை அடியில் இறக்குகிறார்கள். மேலே நிற்கும் நீலத் தண்ணீர் அவர்களுக்குத் தேவையில்லை. அணுக்களை உடைத்து எடுக்கும் சாறு, பாக்டீரியாவின் நச்சு மிகச் சிறிதளவு இருந்தாலும் கட்டியாகிவிடும். ஊசிமருந்தும் குளுக்கோஸ் பாட்டிலும் சுத்தமா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஃபிரெடெரிக் பேங் இந்தக் கட்டிப்படுதலைப் பற்றி எழுதியது 1956இல். ஜாக் லெவின் அவருடன் சேர்ந்து அதைச் சோதனை முறையாக்கினார். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் அனுமதி தந்தது. இப்போது நண்டே தேவைப்படாத மாற்று வந்துவிட்டது. சிங்கப்பூரில் டிங், ஹோ தம்பதி நச்சை உணர்ந்து அந்தக் கட்டிப்படுதலைத் தொடங்கிவைக்கும் புரதத்தை மரபணு முறையில் செய்துகாட்டினார்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021 முதல் அதை ஏற்றுக்கொள்கிறது.

ஜூன் 28

நீலத்துக்கே மதிப்பில்லை என்று எழுதிவிட்டதாக ஒருவர் பிடித்துக்கொண்டார். குதிரைலாட நண்டைப் பற்றித்தான் சொன்னேன். கலிஃபோர்னியாக் கரையில் ஒரு நத்தை இருக்கிறது, ஓட்டின் உச்சியில் சாவித் துவாரம் போல ஓட்டை உள்ளது. அதன் ஹீமோசயனினையே பிரித்தெடுத்து தடுப்பூசி ஆராய்ச்சியில் பயன்படுத்துகிறார்கள். ராட்சதப் புரதம் என்பதால் நம் உடல் அதை உடனே அந்நியன் என்று கண்டுகொள்ளும். கண்டுகொள்ளப்படாத சின்ன மூலக்கூறை அதன் முதுகில் ஏற்றி அனுப்பினால் இரண்டின் மீதும் எதிர்ப்பு கிளம்பும். இங்கே விலை நீலப் புரதத்துக்கேதான்.

ஜூலை 1

பாம்பனிலிருந்து எழுதியவரின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி அரிக்கும்போது கையில் கொழகொழவென்று ஒன்று சிக்கி, தண்ணீர் முழுக்க ஊதா ரத்தம் பரவியதாம். பயந்து கையை உதறிவிட்டாராம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அது ரத்தம் இல்லை. கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத நத்தை. மிரண்டால் ஊதா மையைப் பீச்சும். அந்த மையின் சாயம் அது தின்ற சிவப்புப் பாசியிலிருந்து வந்தது. பாசியின் நிறமியைச் செரித்து, மாற்றி, சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. சிவப்புப் பாசி கொடுக்காமல் வளர்த்தால் ஊதா மை கிடைக்காது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சிவப்புப் பாசி வகைதான், ஆகவே அம்மாவும் அந்த முயலும் ஒரே சரக்குக்குத்தான் போட்டியிடுகிறார்கள். அதன் உண்மையான ரத்தத்தில் இருப்பது ஹீமோசயனின்.

ஜூலை 2

சங்குக்கு என்ன ரத்தம் என்று இவ்வளவு நாள் யாரும் கேட்காததுதான் வியப்பு. கேள்வி கேட்டதே சங்குகுளிக்காரர் வீடு! சங்கும் நத்தை வம்சம், ஹீமோசயனின். முத்துச் சிப்பிக்கு அதுவும் இல்லை. சிப்பி, மட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் சுமக்கும் நிறமி எதுவுமே ரத்தத்தில் கிடையாது. செவுள் பெரியது, உடல் ஓடியாடுவதில்லை, தண்ணீரில் கரைந்து வருவதே போதும்.

விதிவிலக்கு உண்டு. காக்கிநாடா விரிகுடாச் சேற்றில் அள்ளும் ஒரு மட்டியைத் திறந்தால் சிவப்பு ரத்தம் வழியும். ஹீமோகுளோபின்தான், நம்மைப் போல அணுக்களுக்குள். ஆக்சிஜன் அற்றுப்போகும் சேற்றில் வாழ்வதற்கு அது உதவுகிறது. 24ஆம் தேதி "வம்சம்" என்று நான் வீராப்பாக எழுதியதற்கு இந்த மட்டி நேர் எதிர்சாட்சி. ஆனாலும் வம்சக் கட்சியை நான் விடப்போவதில்லை. ஹீமோகுளோபின் குடும்பத்துப் புரதங்கள் உயிருலகம் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. தேவைப்பட்ட உயிர் கையில் இருந்த ஒன்றை எடுத்து ரத்தத்தில் போட்டுக்கொள்கிறது.

ஜூலை 6

"நிறமே இல்லாத ரத்தத்தோடு மீன் வாழுமா?" வாழும், அண்டார்டிகாவில். அங்குள்ள பனிமீன் குடும்பத்துக்கு ஹீமோகுளோபின் அறவே இல்லை. வெட்டினால் வெளிறிய தண்ணீர். நார்வேயின் யோஹான் ரூட் 1954இல் இதை எழுதியபோதுதான் உலகம் நம்பியது. உறைநிலைக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும். பெரிய இதயம், நிறைய ரத்தம், செதிலற்ற தோல் என்று அந்த மீன் சமாளிக்கிறது. அதைக் கொண்டுவந்து பாக் நீரிணையில் விட்டால் அன்றைக்கே கருவாடு.

நம் கடலிலும் நிறமற்ற ரத்தத்தோடு நீந்தும் மீன் உண்டு, குழந்தைப் பருவத்தில் மட்டும். விலாங்கு வகைகளின் குஞ்சு கண்ணாடி நாடா போல இருக்கும். கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. உருமாறும் வரை அதற்குச் சிவப்பணு கிடையாது. உடல் அவ்வளவு மெல்லியது என்பதால் தோல் வழியாக வருவதே போதும். ஒளிந்துகொள்ள இடமில்லாத நடுக்கடலில் சிவப்பு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

குருசடைத் தீவுக்குக் கல்லூரிச் சுற்றுலா போனவர்களுக்கு பலனோகிளாசஸ் நினைவிருக்கும். தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்த அதே மணல் புழு. அதற்கும் நிறமற்ற ரத்தம்தான்.

ஜூலை 9

வனேடியத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்தவர்களுக்கு. படகின் அடியிலும் பாலத்தூணிலும் ஒட்டிக்கொண்டு, அழுத்தினால் தண்ணீர் பீச்சும் பை போன்ற உயிர்கள் இருக்கின்றன. அவற்றில் சில இனங்களின் ரத்த அணுக்களில் வனேடியம் இருப்பதை 1911இல் நேப்பிள்ஸில் மார்ட்டின் ஹென்சே கண்டார். கடல்நீரில் இருப்பதைப் போல லட்சக்கணக்கான மடங்கு. ஓர் இனத்தில் ஒரு கோடி மடங்கு வரை. வாட்ஸ்அப் படங்கள் இதை ஆக்சிஜன் சுமக்கும் ரத்தம் என்று போடுகின்றன. அது ஆக்சிஜன் சுமப்பதில்லை என்பது தெளிவாகிவிட்டது. எதற்காகச் சேர்க்கிறது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது, தின்ன வருபவற்றை விரட்ட என்பது ஒரு கட்சி. ஆகவே ரத்த நிறப் பட்டியலில் அதற்குச் சரியாசனம் தர எனக்கு மனமில்லை.

ஜூலை 12

கீழக்கரை வாசகர் மாமாவிடம் பேசிவிட்டு எழுதியிருக்கிறார். "டார்ச் அடித்தால் அடியிலும் சிவப்பாகத்தான் தெரியும்" என்று மாமா சிரித்தாராம், அவருக்கு இது முன்பே தெரியுமாம். காக்கா (அண்ணனைத்தான் சொல்கிறேன்), முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது!

நண்டு கம்பெனியில் சதை பிரிக்கும் அக்கா ஒருவர் சார்பில் வந்த கேள்வி: அவித்த நண்டுச் சதையில் சில நேரம் நீலமாகவோ கறுப்பாகவோ திட்டு விழுகிறதே, அது மருந்தா? மருந்து இல்லை. சரியாக வடியாமல் சதையில் தங்கிய ரத்தம். அதன் செம்பு வெந்த பிறகும் வேலை காட்டுகிறது. நண்டைச் செத்துக் கிடக்க விட்டு அவித்தால் அதிகம் வரும். இந்தத் திட்டைக் காட்டி ஒரு கொள்முதல்காரர் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பி, கூலியைப் பிரித்தவர்களின் தலையில் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். தாமதம் படகிலிருந்து அவிக்கும் இடத்துக்கு வருவதில் நேர்ந்தது, பிரிக்கும் மேசையில் அல்ல.

குழம்பில் நண்டு உடம்பைச் சுற்றித் தயிர்த் திரிபோல வெள்ளையாக நிற்பதும் அதே ரத்தம்தான். வெந்ததும் புரதம் உறைந்துவிடுகிறது. தாராளமாகச் சாப்பிடலாம். ஓடு கழற்றிய புதிதில் பிடித்த நண்டில் அது குறைவாக இருக்கும், அப்போது ரத்தம் நீர்த்துப்போயிருக்கும். சதையும் அப்படியே, எடை நிற்காது.

ஜூலை 13

முரல் மீனின் முள் பச்சையாக இருப்பதைப் பார்த்து, அதற்குப் பச்சை ரத்தமா, செம்பா என்று ஏர்வாடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ரத்தம் சிவப்புதான். முள்ளின் பச்சை பிலிவெர்டின். ஹீமோகுளோபினின் வளையம் உடையும்போது பிறக்கும் நிறமி அது. நமக்கு அடிபட்ட இடம் சில நாளில் பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். பெரும்பாலான மீன்கள் அதைக் கழித்துவிடுகின்றன, முரல் முள்ளில் சேர்த்துக்கொள்கிறது. விஷம் இல்லை, பொரித்தாலும் பச்சை போகாது. முள் பச்சை என்று சொல்லிக் குறைத்துக் கேட்கிற வியாபாரிக்கு விற்காதீர்கள்.